காலி அலமாரி சொன்ன சேதி

1916 செப்டம்பர். அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் உள்ள மெம்ஃபிஸ் நகரில் ஒரு விநோதமான மளிகைக்கடை திறக்கப்பட்டது. பெயரே விநோதம்தான்: பிக்லி விக்லி. அதுவரை அந்த ஊர்க் கடைகளில் வாடிக்கையாளர் கல்லாவுக்கு இந்தப் பக்கம் நின்று வேண்டியதைச் சொல்வார். கடைப் பையன்கள் எடுத்து, நிறுத்து, பொட்டலம் கட்டித் தருவார்கள். புதுக் கடையின் முதலாளி கிளாரன்ஸ் சாண்டர்ஸ் அந்தப் பையன்களை எல்லாம் ஒதுக்கிவிட்டார். வருகிறவர்கள் சுழல்கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய், அலமாரிகளுக்கு நடுவே நடந்து, வேண்டியதைத் தாங்களே கூடையில் எடுத்துப் போட்டுக்கொண்டு, கடைசியில் பணம் கட்டிவிட்டு வெளியே வர வேண்டும். மறு ஆண்டே அந்த ஏற்பாட்டுக்குக் காப்புரிமையும் வாங்கினார். கூலி மிச்சம் என்பதுதான் அவர் போட்ட கணக்கு. அந்தக் கடைக்குள் இன்னொரு விஷயமும் ஓசையில்லாமல் நடந்துகொண்டிருந்தது. அது அவர் கண்ணில் பட்டதாகத் தெரியவில்லை.

அலமாரியில் எது குறைகிறதோ, அதை மட்டும் பின்னறையிலிருந்து கொண்டுவந்து நிரப்பினார்கள். யாரும் உத்தரவு போடவில்லை, நாளைக்கு எத்தனை சோப்பு விற்கும் என்று யாரும் ஜோசியம் பார்க்கவில்லை. காலியாகக் கிடந்த இடமே பின்னறைக்குச் சேதி சொன்னது.

சாண்டர்ஸுக்கு அதிர்ஷ்டம் நிலைக்கவில்லை. 1923-இல் வால் ஸ்ட்ரீட் சூதாட்டக்காரர்கள் அவருடைய நிறுவனப் பங்கைச் சரிக்கப் பார்த்தார்கள். அவர்களை மடக்குகிறேன் என்று கடன் வாங்கிப் பங்குகளை வாங்கிக் குவித்த மனிதர், கடைசியில் நிறுவனத்தையே இழந்தார். இளஞ்சிவப்புப் பளிங்கில் கட்டிக்கொண்டிருந்த மாளிகையில் ஒரு நாள்கூடக் குடியிருக்கக் கொடுத்துவைக்கவில்லை. அது பின்னாளில் அருங்காட்சியகமாயிற்று. ஆனால் தானே எடுத்துக்கொள்ளும் கடை அமெரிக்கா முழுக்கப் பரவியது. அதன் சூட்சுமம் பசிபிக் கடலைத் தாண்டி, எண்ணெய்ப் பிசுக்கு நாறும் ஒரு கடைசல் பட்டறைக்குப் போய்ச் சேரும் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

1945-இல் ஜப்பான் சரணடைந்தது. டொயோட்டா மோட்டார் நிறுவனத்தின் தலைவர் கிச்சிரோ டொயோடா தன் ஆட்களிடம் ஒரு கெடு வைத்தார். மூன்று ஆண்டுகளில் அமெரிக்காவை எட்டிப் பிடிக்க வேண்டும், இல்லையென்றால் ஜப்பானின் கார்த் தொழில் பிழைக்காது என்றார். குண்டு வீச்சில் பாதி நாடு சாம்பலாகிக் கிடந்த நேரத்தில் இதைக் கேட்டவர்கள் மனதுக்குள் சிரித்திருக்கலாம். சிரிக்காமல் கணக்குப் போட்டவர்களில் ஒருவர் தாயிச்சி ஓனோ.

ஓனோ கார் ஆள் இல்லை. 1912-இல் சீனாவின் தாலியன் நகரில் பிறந்தவர். டொயோடா குடும்பத்தின் நூற்பு, நெசவு ஆலையில் வேலைக்குச் சேர்ந்து, 1943-இல்தான் கார்த் தொழிற்சாலைக்கு மாற்றப்பட்டவர். கிச்சிரோவின் தந்தை சாகிச்சி ஒரு தச்சரின் மகன். நூல் அறுந்தால் தானாகவே நின்றுவிடும் தறியை உருவாக்கியவர். 1929-இல் இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸ் அதன் உரிமைக்கு 1,00,000 பவுண்டு தரச் சம்மதித்தது. அப்படிப்பட்ட தறிகள் ஓடும் ஆலையில் ஒரே ஆள் பல தறிகளைக் கவனித்துக்கொள்ளலாம். இங்கே என்னடா என்றால், ஒரு கடைசல் இயந்திரத்துக்கு ஒரு ஆள். அது ஓடுவதைப் பார்த்துக்கொண்டே நிற்கிறார். 1947-இல் ஓனோ இயந்திரங்களை இடம் மாற்றிப் போட்டு, ஒருவரே இரண்டு மூன்றைப் பார்க்கும்படி செய்தார். கைவேலையில் கர்வம் கொண்ட பழைய தொழிலாளர்கள் கொதித்தார்கள். ஆனால் ஓனோவின் தலைவலி வேறு இடத்தில் இருந்தது.

மாதத்தின் முதல் பாதி முழுக்க, கார் பூட்டும் பிரிவு கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். உதிரிபாகம் வரவில்லை. கடைசிப் பத்து நாளில் எல்லாம் ஒரேயடியாக வந்து குவியும். பரீட்சைக்கு முதல் நாள் இரவு கண்விழிக்கும் பையனைப் போல, மொத்தத் தொழிற்சாலையும் மாதக் கடைசியில் தலைதெறிக்க ஓடும். இத்தனைக்கும் எந்தப் பிரிவும் சோம்பேறி இல்லை. வார்ப்படப் பிரிவு தன் அட்டவணைப்படி வார்த்துத் தள்ளியது. கடைசல் பிரிவு தன் அட்டவணைப்படி கடைந்து தள்ளியது. அடுத்த பிரிவுக்கு இன்றைக்கு என்ன தேவை என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. ஒவ்வொருவரும் தன் பங்கை முடித்து அடுத்தவர் தலையில் தள்ளிவிட்டால் போதும். இதைச் சரிசெய்ய ஓனோ யோசித்துக்கொண்டிருந்தபோதே நிறுவனத்தின் அடித்தளம் ஆட்டம் கண்டது.

1949-இல் கடன் வசதிகள் இறுகின. விற்காத வண்டிகள் தேங்கின. சம்பளம் கொடுக்கப் பணமில்லை. வங்கிகள் கைகொடுத்தன, ஆனால் ஆட்குறைப்பு நிபந்தனையோடு. ஒருவரையும் வெளியே அனுப்ப மாட்டேன் என்று சொல்லியிருந்த கிச்சிரோ சிக்கிக்கொண்டார். 1950 வசந்தத்தில் வேலைநிறுத்தம் வெடித்தது. இரண்டாயிரத்துச் சொச்சம் பேர் வேலையை விட்டுப் போனார்கள். அதற்குப் பொறுப்பேற்று ஜூனில் கிச்சிரோவும் பதவி விலகினார். டொயோட்டா என்ற பெயர் அத்தோடு முடிந்திருக்க வேண்டியது. அதே ஜூன் மாதம் 25-ஆம் தேதி, பக்கத்து நாட்டில் பீரங்கி முழங்கியது.

கொரியப் போர். அமெரிக்க ராணுவத்துக்கு லாரிகள் அவசரமாகத் தேவைப்பட்டன. ஆயிரக்கணக்கில் ஆர்டர் வந்தது. பதவி விலகிய மனிதர் இன்னும் சில வாரம் பொறுத்திருந்தால் கதையே வேறு. மீண்டும் தலைவராக வர அவர் சம்மதித்திருந்த நேரத்தில், 1952 மார்ச்சில் மரணம் முந்திக்கொண்டது. லாரி ஆர்டர் குவிந்தும், ஆட்குறைப்பில் சுட்டுக்கொண்ட நிர்வாகத்துக்குப் புதிதாக ஆள் எடுக்கத் துணிவில்லை. இருக்கிற ஆட்களை வைத்தே அதிகம் செய்தாக வேண்டும். அதே 1950-இல் குடும்பத்தின் இளையவர் எய்ஜி டொயோடா அமெரிக்கா போய் ஃபோர்டு ஆலையைப் பார்த்துவிட்டு வந்தார். ஃபோர்டு ஒரு நாளைக்குச் செய்தது சுமார் 8,000 வண்டி. டொயோட்டா செய்தது 40. மலை மலையாக உதிரிபாகத்தைக் குவித்துவைத்துக்கொண்டு ஓட்டும் அந்த முறையைக் காப்பியடிக்க டொயோட்டாவிடம் பணமும் இல்லை, கிடங்கும் இல்லை. இந்த இல்லாமைதான் ஓனோவுக்குக் கிடைத்த வரம்.

அமெரிக்க சூப்பர் மார்க்கெட்டுகளைப் பற்றி அவர் 1940-களின் கடைசியிலேயே ஆராய ஆரம்பித்திருந்தார். கார் செய்கிறவருக்கு மளிகைக்கடையில் என்ன ஆராய்ச்சி என்று சுற்றி இருந்தவர்கள் கேட்டிருப்பார்கள். ஓனோவின் யோசனை தலைகீழானது. கார் பூட்டும் பிரிவை வாடிக்கையாளர் என்று வைத்துக்கொண்டால், கடைசல் பிரிவுதான் கடை. வாடிக்கையாளர் வீட்டில் கொண்டுபோய்ச் சரக்கைக் கொட்டுவதில்லை. அவரே வந்து, வேண்டியபோது வேண்டியதை எடுத்துக்கொள்கிறார். எடுத்த இடத்தைத்தான் கடை நிரப்புகிறது. அப்படியானால் தொழிற்சாலையிலும் முன்பிரிவு தள்ளக் கூடாது, பின்பிரிவு வந்து எடுக்க வேண்டும். சரி, எடுத்தது முன்பிரிவுக்கு எப்படித் தெரியும்?

விடை ஒரு துண்டு அட்டை. 1953-இல் ஓனோ தன் கடைசல் பட்டறையில் இந்த ஏற்பாட்டை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். மெம்ஃபிஸில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் காலமானதும் அதே ஆண்டுதான். பாகங்கள் அடங்கிய ஒவ்வொரு பெட்டியோடும் பிளாஸ்டிக் உறையில் போட்ட ஓர் அட்டை: என்ன பாகம், எத்தனை, எங்கிருந்து எங்கே. பெட்டியிலிருந்து பாகம் எடுக்கும்போது அட்டை கழற்றப்பட்டு முன்பிரிவுக்குத் திரும்பும். திரும்பி வந்த அட்டைதான் அடுத்த பெட்டி செய்ய அனுமதி. அட்டை வரவில்லையா, இயந்திரம் ஓடக் கூடாது. புழக்கத்தில் விட்ட அட்டைகள் இத்தனைதான் என்பதால், சரக்கும் அதற்கு மேல் தேங்க முடியாது. பழுதான பாகத்தை அடுத்த பிரிவுக்கு அனுப்பவே கூடாது.

கேட்க எளிமை. நடைமுறையில் நரகம். முன்பெல்லாம் கடைசல் பிரிவில் ஓர் இயந்திரம் பழுதானால் யாருக்கும் தெரியாது. குவிந்துகிடந்த சரக்கு ஒரு வாரத்துக்கு அதை மூடி மறைக்கும். இப்போது இங்கே நின்றால் சில மணி நேரத்தில் அங்கேயும் நின்றது. வேறு வழியில்லாமல் இரண்டு பிரிவு மேஸ்திரிகளும் எழுந்து நடந்துபோய் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேச வேண்டியதாயிற்று. ஓனோ விரும்பியதும் அதுதான் என்றே தோன்றுகிறது. அட்டையால் சரக்கு குறைந்தது பாதிக் கதை. பிரிவுகள் ஒன்றோடொன்று பேசியே ஆக வேண்டிய கட்டாயம் வந்தது மீதிக் கதை. ஆனால் தொழிற்சாலைக்குள் இதற்கு டொயோட்டா முறை என்று பேர் வைக்க யாரும் தயாராக இல்லை. வெறுப்போடு 'ஓனோ முறை' என்றார்கள். ஒரு பட்டறையில் தொடங்கியது நிறுவனம் முழுக்கப் பரவக் கிட்டத்தட்டப் பத்து ஆண்டுகள் பிடித்தன. இடையில் 1956-இல் ஓனோ அமெரிக்கா போனார். ஜெனரல் மோட்டார்ஸ், ஃபோர்டு ஆலைகளைச் சுற்றிப் பார்த்தார். ஆலைகளைவிட சூப்பர் மார்க்கெட்டுகள்தான் அவரை அதிகம் கவர்ந்தன.

வெளியுலகம் இதையெல்லாம் கண்டுகொள்ளவில்லை, 1973 வரை. அந்த ஆண்டு எண்ணெய் நெருக்கடி வந்தது. ஜப்பானிய நிறுவனங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளாடியபோது டொயோட்டா மட்டும் மற்றவர்களைவிட விரைவாக நிமிர்ந்தது. என்ன மாயம் என்று எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். 1978-இல் ஓனோ புத்தகமே எழுதினார். 1980-களில் உலகம் முழுக்கக் கார்க் கம்பெனிகள் டொயோட்டாவைப் படித்தன. 1990-இல் ஓனோ காலமானார். அட்டையின் கதை தொழிற்சாலை வாசலோடு முடிந்தது என்றே தோன்றியது. கண்ணுக்குத் தெரியும் பாகமும் கைக்குக் கிடைக்கும் பெட்டியும் இருந்தால்தானே அட்டை கட்ட முடியும்? வேலை முழுக்கக் கணினிக்குள்ளும் மின்னஞ்சலுக்குள்ளும் ஒளிந்துகொண்டிருக்கும் இடத்தில் எதில் கட்டுவது?

2004-இல் அப்படிப்பட்ட ஓர் இடம் இந்தியாவில் இருந்தது. ஹைதராபாத். அமெரிக்காவின் ரெட்மண்டில் உள்ள மைக்ரோசாஃப்ட் தலைமையகத்தின் உள் பயன்பாட்டு மென்பொருள்களைப் பராமரிக்கும் ஒரு சின்னக் குழு: மூன்று நிரலாளர்கள், மூன்று சோதனையாளர்கள், ஒரு மேலாளர். நிறுவனத்தின் தகவல் தொழில்நுட்பத் துறையிலேயே வாடிக்கையாளர்களிடம் மிக மோசமான பெயர் வாங்கிய பிரிவு அது. 80-க்கும் மேற்பட்ட கோரிக்கைகள் தேங்கிக் கிடந்தன. சின்ன மாற்றம் கேட்டாலும் ஐந்து மாதம். ரெட்மண்டின் பல பிரிவுகளும் கோபத்தில் இருந்தன. ஹைதராபாத் குழு சும்மா இருக்கவும் இல்லை. அந்தப் பிரிவைப் பார்த்துக்கொள்ள டிராகோஸ் டுமிட்ரியு என்ற மேலாளர் முன்வந்து, அதே நிறுவனத்தில் வேலை பார்த்த டேவிட் ஆண்டர்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரரிடம் யோசனை கேட்டார். இருவரும் தோண்டிப் பார்த்தபோது கிடைத்தது திறமைக் குறைவு இல்லை.

கிடைத்தது ஒரு விதி. எந்தக் கோரிக்கை வந்தாலும், எத்தனை நாள் ஆகும், எவ்வளவு செலவாகும் என்ற மதிப்பீட்டை இரண்டு நாளுக்குள் அனுப்பிவிட வேண்டும். கையில் இருக்கும் வேலையைப் போட்டுவிட்டு மதிப்பீடு எழுதுவார்கள். எழுதி முடிப்பதற்குள் அடுத்த கோரிக்கை. குழுவின் நேரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இதிலேயே கரைந்தது. அப்படி மதிப்பிட்டவற்றில் பாதிக்குப் பாதி கடைசிவரை செய்யப்படவே இல்லை. ஓனோவின் தொழிற்சாலையில் மாத முதல் பாதியில் நடந்த கூத்தேதான். எல்லாப் பிரிவும் தள்ளியது, யாரும் எடுக்கவில்லை.

டுமிட்ரியு மதிப்பீட்டையே நிறுத்தினார். ஒரு சமயத்தில் குழுவின் கையில் இத்தனை வேலைதான் என்று வரம்பு கட்டினார். ஓர் இடம் காலியானால்தான் அடுத்தது உள்ளே வரும். எது வர வேண்டும் என்பதை ரெட்மண்ட் பிரிவுகள் வாரா வாரம் கூடிப் பேசி முடிவு செய்துகொள்ளட்டும். உள்ளே வந்துவிட்டால் 25 நாளில் முடித்துத் தருவோம் என்று வாக்குக் கொடுத்தார். முதல் தடவையாக, 80 கோரிக்கைகளில் எது முக்கியம் என்று கேட்டவர்களே ஒருவரோடொருவர் பேச வேண்டியிருந்தது. சோதனையாளர்களுக்கு வேலை குறைவாக இருப்பது தெரிந்ததும் அந்தப் பக்கத்து ஆளை நிரல் பக்கம் மாற்றினார்கள். ஒன்பதே மாதத்தில் கடைசி இடத்தில் இருந்த குழு முதலிடத்துக்கு வந்தது. ஐந்து மாதக் காத்திருப்பு சுமார் இரண்டு வாரமானது. இந்தக் கதை பெரும்பாலும் ரெட்மண்ட் மேலாளர்களின் பெயர்களோடுதான் சொல்லப்படுகிறது. வேலையைச் செய்து காட்டிய ஹைதராபாத்காரர்கள் வெறும் எண்ணிக்கையாகவே நிற்கிறார்கள். இத்தனைக்கும் இதில் அட்டையும் இல்லை, சுவரில் பலகையும் இல்லை. தான் செய்ய வைத்தது என்ன என்பது ஆண்டர்சனுக்கே முழுசாகப் பிடிபடவில்லை. பிடிபட வைத்தது ஒரு பூங்கா.

2005 ஏப்ரல். டோக்கியோவில் செர்ரி பூக்கும் காலம். ஆண்டர்சன் குடும்பத்தோடு அரண்மனையின் கிழக்குத் தோட்டத்துக்குப் போனார். நுழைவு இலவசம். ஆனாலும் வாசலில் ஆளுக்கொரு பிளாஸ்டிக் டோக்கன் கொடுத்தார்கள். காசு வாங்காத இடத்தில் எதற்கு டோக்கன்? வெளியே வரும்போது அதைத் திருப்பி வாங்கிக்கொண்டபோதுதான் அவருக்குப் பொறி தட்டியது. கையிருப்பில் உள்ள டோக்கன்கள் தீர்ந்துவிட்டால், யாராவது வெளியே வந்து ஒன்றைத் திருப்பித் தரும்வரை புதியவர் காத்திருக்க வேண்டியதுதான். தோட்டத்தில் கூட்டம் நெரியாது. திரும்பி வந்தால் அனுமதி, வராவிட்டால் இல்லை. டொயோட்டாவின் அட்டையும் அதுதான், ஹைதராபாத் வரம்பும் அதுதான்.

2006-இல் ஆண்டர்சன் சியாட்டிலில் இருந்த கார்பிஸ் என்ற புகைப்பட நிறுவனத்துக்கு மாறினார். அப்போது அது பில் கேட்ஸுக்குச் சொந்தமான கம்பெனி. அங்கேயும் வேலைகளுக்கு வரம்பு கட்டினார். கணக்கு கணினிக்குள் இருந்தது. 2007 ஜனவரியில் டேரன் டேவிஸ் என்ற மேலாளர், இதையெல்லாம் சுவரில் மாட்டினால் என்ன என்றார். ஒரு வெள்ளைப் பலகை, சில கோடுகள், ஒட்டினால் ஒட்டிக்கொண்டு உரித்தால் உரியும் வண்ணச் சீட்டுகள். அந்தச் சீட்டும் ஒரு தோல்வியின் குழந்தைதான்: 1968-இல் 3எம் நிறுவனத்தில் உறுதியான பசை தேடிப் புறப்பட்டு, உறுதியே இல்லாத பசையில் போய் முடிந்த ஆராய்ச்சியின் மிச்சம். ஒவ்வொரு வேலையும் ஒரு சீட்டு. இடமிருந்து வலமாக நகரும். ஒவ்வொரு பத்தியின் தலையிலும் ஓர் எண்: இதற்கு மேல் இங்கே சீட்டு கூடாது.

காலைக் கூட்டத்தின் பேச்சே மாறிப்போனது. நேற்று என்ன செய்தாய் என்று ஆள் ஆளாக விசாரிப்பது நின்றது. பலகையின் வலது கோடியிலிருந்து தொடங்கி, எந்தச் சீட்டு நகராமல் நிற்கிறது, யார் கைகொடுத்தால் நகரும் என்று கேட்டார்கள். ஐம்பது பேர் கூடினாலும் கால் மணி நேரத்தில் முடிந்தது. அடுத்து எது வர வேண்டும் என்ற கூட்டத்தில் துணைத் தலைவர்கள் முதலில் பேரம் பேசினார்கள், பிறகு ஓட்டுப் போட்டார்கள், கடைசியில் நிறுவனத்துக்கு எது நல்லது என்று சேர்ந்து யோசிக்கப் பழகினார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் ஆண்டர்சன் ஒரு மாநாட்டில் இதைச் சொன்னார். 2010-இல் புத்தகம் வந்தது. 2011-இல் டிரெல்லோ என்ற மென்பொருள் அந்தப் பலகையைத் திரைக்குள் கொண்டுபோனது. 2017-இல் அட்லாசியன் நிறுவனம் 42.5 கோடி டாலர் கொடுத்து டிரெல்லோவை வாங்கியது.

இன்று சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலை மென்பொருள் அலுவலகங்களில் சுவரிலும் திரையிலும் தொங்குவது இந்தப் பலகைதான். செய்ய வேண்டியது, செய்துகொண்டிருப்பது, முடிந்தது என்று மூன்று பத்தி. ஓனோவின் அட்டைக்குத் தொழிற்சாலையில் இருந்த பெயரே பலகைக்கும் நிலைத்தது: கான்பான். எல்லோருக்கும் தெரிந்த பொருள், யாரும் நின்று பார்க்காத பொருள். பத்திகள் வந்தன, வண்ணங்கள் வந்தன, படம் ஒட்டும் வசதிகூட வந்தது. பத்தியின் தலையில் இருந்த அந்த எண் மட்டும் பெரும்பாலான அலுவலகங்களுக்கு வந்து சேரவில்லை. 'செய்துகொண்டிருப்பது' பத்தியில் நாற்பது சீட்டுகள் தொங்கும் பலகையைப் பார்த்திருந்தால், ஓனோ அதைக் கான்பான் என்று ஒத்துக்கொண்டிருக்க மாட்டார்; கிடங்கு என்றுதான் சொல்லியிருப்பார்.